மூளைக் கட்டிக்குப் பின் பணிக்குத் திரும்பல்

மூளைக் கட்டிக்குப் பின் பணிக்குத் திரும்பல் என்பது மண்டையோட்டின் உள்ளே தோன்றிய கட்டிக்கு அறுவை, கதிர்வீச்சு அல்லது மருந்துச் சிகிச்சை பெற்று உயிர் தப்பிய ஒருவர், தமது முந்தைய தொழிலையோ அதற்கு இணையான தொழிலையோ மீண்டும் மேற்கொள்வதைக் குறிக்கும். நரம்பியல், மறுவாழ்வு மருத்துவம், தொழிலாளர் சட்டம் ஆகிய மூன்று துறைகளும் இதில் சந்திக்கின்றன. கட்டி அகற்றப்பட்டதும் நோய் முடிந்துவிட்டது என்று குடும்பத்தினரும் மேலாளர்களும் எண்ணுவது இயல்பு. ஆனால் நோயாளிக்குப் பெரும்பாலும் அன்றுதான் இரண்டாவது பாதி தொடங்குகிறது.

கட்டியின் வகையும் எதிர்பார்ப்பும்

பணிக்குத் திரும்ப இயலுமா என்ற வினாவுக்கான விடை முதலில் கட்டியின் வகையைப் பொறுத்தது. மூளையிலும் அதன் உறைகளிலும் தோன்றும் முதனிலைக் கட்டிகளுள் பெரும்பான்மையானவை புற்றுநோய் அல்ல. இச்செய்தி பொதுமக்களிடையே போதிய அளவு பரவவில்லை. "மூளையில் கட்டி" என்ற சொல்லைக் கேட்டதுமே நாட்களை எண்ணத் தொடங்கும் வழக்கம் இன்றும் உள்ளது.

முதனிலைக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா ஆகும். இது மெதுவாக வளர்வது, பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. மூளையைத் துளைத்து உட்புகாமல் வெளியிலிருந்து அழுத்துவதால், இடம் சாதகமாக இருப்பின் முழுமையாக அகற்றவும் கூடும். கபச் சுரப்பிக் கட்டிகளைப் பெரும்பாலும் மண்டையைத் திறக்காமல் மூக்கின் வழியே அகற்றுகின்றனர். செவி நரம்பில் தோன்றும் ஷ்வானோமா உயிரைக் காட்டிலும் கேட்கும் திறனையும் முகத்தசை இயக்கத்தையும் அச்சுறுத்துவது.

இவற்றுக்கு எதிர்முனையில் இருப்பது கிளையோபிளாஸ்டோமா. அறுவைக்குப் பின் கதிர்வீச்சுடன் டெமோசோலமைடு என்னும் மருந்தைச் சேர்த்து அளிக்கும் முறையை 2005இல் வெளியான ஆய்வு நிலைநாட்டியது. அம்முறையில் சிகிச்சை பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 14.6 மாதங்கள். எனவே "மூளைக் கட்டியை வென்றவர்" என்ற செய்தித்தாள் தலைப்பு, எந்தக் கட்டி என்று கூறாதவரை ஏறத்தாழப் பொருளற்றது. மெனிஞ்சியோமாவிலிருந்து மீண்டவரின் கதையைக் கிளையோபிளாஸ்டோமா நோயாளியிடம் எடுத்துக்காட்டாகக் கூறுவது அவருக்கு ஊக்கம் அளிப்பதைவிடத் துன்பம் அளிப்பதே மிகுதி.

கட்டிகளின் காரணங்களுள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டவை மிகச் சில. தலைக்குச் செலுத்தப்படும் அயனியாக்கக் கதிர்வீச்சு அவற்றுள் ஒன்று. நியூரோபைப்ரோமட்டோசிசு போன்ற சில மரபுவழி நோய்கள் மற்றொன்று. செல்லிடத் தொலைபேசிகளின் மின்காந்த அலைகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் "காரணமாக இருக்க வாய்ப்புள்ளவை" என்ற பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார அமைப்பின் வேண்டுகோளின்படி நடத்தப்பட்டு 2024இல் வெளியான விரிவான மீளாய்வு அத்தகைய தொடர்பைக் காணவில்லை.

தொன்மமும் தொடக்க வரலாறும்

மண்டையோட்டைத் திறந்து நோயை நீக்கும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. சித்த மருத்துவ மரபில் வழங்கும் கதையொன்றில், தீராத தலைவலியால் வருந்திய அரசனின் கபாலத்தை அகத்தியர் திறந்து பார்க்க, மூளையின் மேல் தேரை ஒன்று அமர்ந்திருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் மூளை கிழியும். உடனிருந்த மாணாக்கர் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொண்டுவந்து காட்டவே, தேரை தானாக நீருக்குள் தாவியது. அம்மாணாக்கருக்குத் தேரையர் என்று பெயர் வந்ததாகக் கதை கூறும். இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் மூளையைத் தீண்டாமல் கட்டியை மட்டும் வெளியேற்ற வேண்டும் என்பதே இன்றும் இவ்வறுவையின் மையச் சிக்கல் என்பது கவனிக்கத்தக்கது.

நவீன வரலாறு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. 1879இல் கிளாஸ்கோவில் வில்லியம் மக்கியூவன் மூளையுறைக் கட்டி ஒன்றை அகற்றினார். 1884இல் இலண்டனில் ரிக்மன் காட்லி, வெளித்தோற்றத்தில் எந்தக் குறியும் இல்லாத நிலையில் நோயாளியின் நரம்பியல் அறிகுறிகளை மட்டுமே கொண்டு இடம் கணித்து மூளைக்குள் இருந்த கட்டியை எடுத்தார். அந்நோயாளி நான்கு வாரங்களில் தொற்றினால் இறந்தார். அறுவையில் பிழைப்பதே அரிதாக இருந்த அக்காலத்தில் பணிக்குத் திரும்புவது பற்றிப் பேச்சே எழவில்லை.

லெனார்டு வுட்

மூளைக் கட்டியிலிருந்து மீண்டு கடினமான பொறுப்பொன்றை ஏற்றவர்களுள் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட முதல் எடுத்துக்காட்டுகளில் ஒருவர் அமெரிக்கப் படைத்தலைவர் லெனார்டு வுட் (1860–1927). ஹார்வர்டில் மருத்துவம் பயின்று படையில் மருத்துவராகச் சேர்ந்த இவர் பின்னர் களத் தளபதியாகி, 1899 முதல் 1902 வரை கியூபாவின் படைத்துறை ஆளுநராக இருந்தார். கியூபாவில் இருந்தபோது தொங்கு விளக்கு ஒன்றில் தலை மோதிக் காயம் ஏற்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் உச்சந்தலையில் புடைப்பும் இடது காலில் மரத்துப்போதலும் வலிப்பும் தோன்றின. காயமே கட்டியை உண்டாக்கியது என்று அன்று பலரும் கருதினர். அத்தகைய தொடர்பு இன்றுவரை உறுதிப்படவில்லை.

1905இல் செய்யப்பட்ட ஓர் அறுவை தற்காலிகப் பயனையே அளித்தது. 1910 பிப்ரவரியில் பால்டிமோரில் ஹார்வி குஷிங் இரு கட்டங்களாக அறுவை செய்து மூளையுறைக் கட்டியை அகற்றினார். அதே ஆண்டில் வுட் அமெரிக்கத் தரைப்படையின் தலைமை அலுவலர் பொறுப்பை ஏற்று 1914 வரை வகித்தார். இடது காலில் தளர்வு எஞ்சியிருந்தது. அதை மறைக்கவோ பொருட்படுத்தவோ அவர் விரும்பவில்லை என்பது அவருடைய பணிப் போக்கிலிருந்து தெரிகிறது.

முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குச் சென்ற அமெரிக்கப் படைக்கு அவர் தலைமை ஏற்பார் என்று எதிர்பார்த்தோர் உண்டு. அப்பொறுப்பு பெர்ஷிங்குக்குச் சென்றது. 1918இல் தாம் பயிற்றுவித்த படைப்பிரிவு பிரான்சுக்குப் புறப்படும் தறுவாயில் அதன் தலைமையிலிருந்தும் வுட் விலக்கப்பட்டார். அரசியல் பகை ஒரு காரணம், உடல்நிலை மற்றொரு காரணம் என்று கூறப்பட்டது. எது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். நோயிலிருந்து மீண்டவரின் பணி வாழ்வில் இந்தத் தெளிவின்மை திரும்பத் திரும்ப வருவதாகும். பதவி மறுக்கப்படும்போது அது தகுதியைப் பற்றிய தீர்ப்பா, பழைய நோயைப் பற்றிய அச்சமா என்று அவரால் ஒருபோதும் உறுதியாக அறிய முடிவதில்லை.

1920இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் முதல் வாக்கெடுப்பில் வுட் முன்னணியில் இருந்தார். பத்தாவது வாக்கெடுப்பில் வாரன் ஹார்டிங் தேர்வு பெற்றார். 1921இல் பிலிப்பைன்சின் ஆளுநர்-தலைவராக அனுப்பப்பட்ட வுட், அந்நாட்டுத் தலைவர் மனுவேல் கேசோனுடன் ஓயாத மோதலுக்கிடையே ஆறு ஆண்டுகள் ஆட்சி நடத்தினார். இதற்கிடையில் கட்டி மீண்டும் வளர்ந்தது. இடப்பக்க இறுக்கமும் பார்வைக் குறைவும் கூடின. 1927 ஆகஸ்டில் பாஸ்டனில் குஷிங் மீண்டும் அறுவை செய்தார். ஆகஸ்ட் 7ஆம் நாள் வுட் இறந்தார். முதல் வெற்றிக்கும் இறுதித் தோல்விக்கும் இடையே 17 ஆண்டுகள் அவர் முழுப் பணியில் இருந்தார்.

மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922இல் வழங்கியவரும் குஷிங்கே. அகற்றிய அளவுக்கும் மீள்வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை 1957இல் டொனால்டு சிம்ப்சன் வகைப்படுத்தினார். கட்டியை அதன் வேர்ப்பகுதி உறையுடனும் பாதிக்கப்பட்ட எலும்புடனும் முழுமையாக நீக்கியவர்களுள் 9 விழுக்காட்டினருக்கும், கட்டியை நீக்கி வேர்ப்பகுதியைச் சுட்டுவிட்டவர்களுள் 19 விழுக்காட்டினருக்கும், ஒரு பகுதியை மட்டும் நீக்கியவர்களுள் 44 விழுக்காட்டினருக்கும் மீண்டும் வளர்ந்ததாக அவர் கண்டார். அறுவை நுண்ணோக்கிக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் முந்தைய காலத்து எண்கள் இவை. எனினும் அறுவைக் குறிப்பில் இன்றும் "சிம்ப்சன் படிநிலை" எழுதப்படுகிறது. நோயாளி தமது விடுவிப்புச் சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்திகளுள் இதுவும் ஒன்று.

கரிந்தி

அங்கேரிய எழுத்தாளர் ஃப்ரிஜெஷ் கரிந்தி (1887–1938) 1936இல் புடாபெஸ்டு காப்பியகம் ஒன்றில் அமர்ந்திருந்தபோது தொடர்வண்டிகள் இரைந்து செல்லும் ஒலியைக் கேட்டார். தெருவில் அப்படி எந்த வண்டியும் இல்லை. சிறுமூளைப் பகுதியில் கட்டி இருப்பது பின்னர் தெரிந்தது. ஸ்டாக்ஹோமில் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனா அவருக்கு அறுவை செய்தபோது, அக்கால வழக்கப்படி மரப்பூசி மட்டுமே இடப்பட்டது. அவர் விழித்திருந்தார். நாடு திரும்பியதும் தமது மண்டையைச் சுற்றிய பயணமாக அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். நோயாளியே எழுதிய மூளை அறுவை நூல்களுள் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. எழுதும் தொழிலுக்கு அவர் முழுமையாகத் திரும்பினார், ஆனால் இரண்டே ஆண்டுகளில் மூளைக் குருதிக்கசிவால் இறந்தார்.

மோ மோலம்: சொல்வதா, மறைப்பதா?

பணிக்குத் திரும்புவோர் எதிர்கொள்ளும் மிகக் கடினமான வினா நோயை எவரிடம், எவ்வளவு சொல்வது என்பதாகும். இதற்குப் பிரித்தானிய அரசியலாளர் மோ மோலத்தின் (1949–2005) வாழ்வு கூர்மையான எடுத்துக்காட்டு. 1997 பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன் அவருக்கு மூளைக் கட்டி கண்டறியப்பட்டது. கதிர்வீச்சினால் முடி உதிர்ந்தது, ஸ்டீராய்டு மருந்தினால் உடல் பருத்தது. பத்திரிகைகள் அவரது தோற்றத்தைக் கேலி செய்தபின், தமக்குக் கட்டி இருந்ததாகவும் அது புற்றுநோய் அல்ல என்றும் 1997 ஏப்ரலில் அறிவித்தார். மே மாதம் வட அயர்லாந்துக்கான அமைச்சரானார்.

கடுமை என்ற வகையில் அன்றைய பிரித்தானிய அமைச்சரவையில் அதற்கு நிகரான பொறுப்பு ஏறத்தாழ இல்லை எனலாம். 1998 சனவரியில் மேஸ் சிறைக்குள் நேரில் சென்று ஆயுதக் குழுக்களின் கைதிகளுடன் பேசினார். ஏப்ரல் 10ஆம் நாள் பெரிய வெள்ளி உடன்பாடு கையெழுத்தானது. பேச்சுவார்த்தைகளின் நடுவே தலையிலிருந்த பொய்முடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடும் அவரது வழக்கம் பலராலும் நினைவுகூரப்படுகிறது.

2005இல் அவர் இறந்த பின், 2010இல் அவருடைய மருத்துவர் ஓர் உண்மையை வெளியிட்டார். கட்டி உண்மையில் புற்றுத்தன்மை கொண்டது. மோலம் அதைப் பிரதமரிடமும் தெரிவிக்கவில்லை. அச்செய்தி வெளியானதும் எழுந்த விவாதம் இன்றும் தீரவில்லை. சொல்லியிருந்தால் அப்பதவி அவருக்குக் கிடைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவ்வாறு கிடைக்காமல் போயிருந்தால் உடன்பாட்டின் போக்கும் வேறாக இருந்திருக்கக்கூடும். மறுபுறம், நெற்றிமடல் பாதிப்பு ஒருவரின் தீர்மானிக்கும் திறனையும் நாவடக்கத்தையும் மாற்றக்கூடியது. அம்மாற்றத்தை அவரே உணராமலும் இருக்கலாம். பிறர் உயிர்களைப் பாதிக்கும் பொறுப்பில் இருப்பவர் தம் மூளையின் நிலையை மறைக்கலாமா என்பது எளிய வினா அன்று.

நடிகர் மார்க் ரஃபலோவுக்கு 2001இல் செவி நரம்புக் கட்டி கண்டறியப்பட்டது. அறுவைக்குப் பின் முகத்தின் ஒரு பாதி செயலிழந்தது, ஒப்புக்கொண்டிருந்த திரைப்பட வேடம் கைவிட்டுப் போனது. முக இயக்கம் படிப்படியாக மீண்டது. இடது செவியின் கேள்திறன் மீளவில்லை. முகமே தொழிற்கருவியாக உள்ள ஒருவர் முழுமையாகத் திரும்பிய நிகழ்வு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் மூளை நரம்பு அறுவைத்துறை தமிழ்நாட்டில்தான் வேரூன்றியது. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த பா. இராமமூர்த்தி (1922–2003) 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இரண்டாவது துறையை நிறுவினார். மறு ஆண்டே இவர்களும் வேறு சிலரும் இணைந்து இந்திய நரம்பியல் கழகத்தைச் சென்னையில் தொடங்கினர். சென்னைத் துறையில் பணியாற்றிய டி. எஸ். கனகா (1932–2018) ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவர்.

அக்காலத்தில் கட்டியின் இடத்தை அறிய மூளை அறைகளுள் காற்றைச் செலுத்தி எக்சு கதிர்ப் படம் எடுத்தனர், அல்லது கழுத்துத் தமனியில் சாயம் ஏற்றினர். இரண்டுமே நோயாளிக்குப் பெருந்துன்பம் தருபவை. இந்திய நோயாளிகளின் மண்டைக்குள் காணப்பட்ட திரள்களுள் கணிசமானவை காசநோயால் உண்டானவை என்பதும் அன்றைய மருத்துவர்களின் அனுபவம். 1971 அக்டோபரில் இலண்டனில் ஒரு பெண்ணின் நெற்றிமடல் திரளைக் காட்டிய முதல் சி.டி. ஸ்கேன் இந்நிலையை மாற்றியது. இந்தக் கருவி கதிர்ப் படக்கலையின் வளர்ச்சி மட்டுமன்று, கணக்கீட்டின் வெற்றியும் ஆகும். பல கோணங்களில் அளந்த எண்களிலிருந்து குறுக்குவெட்டை மீட்டெடுக்கும் கணிதத்தை வகுத்த ஆலன் கார்மக்கும் கருவியை வடிவமைத்த பொறியாளர் காட்ஃபிரி ஹவுன்சுஃபீல்டும் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்படுவதால், அறுவைக்கு வருபவர் பெரும்பாலும் இன்னும் பணியில் இருப்பவர். எனவே அவர் கேட்கும் முதல் வினா "பிழைப்பேனா?" என்பதோடு நிற்பதில்லை. "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதும் உடன் வருகிறது.

திரும்புவதற்குத் தடையாவன

வெளியில் தெரியும் குறைகளான கைகால் தளர்வு, பார்வைப் புலக் குறைவு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றை மேலாளர் எளிதில் புரிந்துகொள்வார். பணியை முறிப்பவை பெரும்பாலும் வெளியில் தெரியாதவை.

அவற்றுள் முதலாவது களைப்பு. இது உறங்கினால் தீரும் களைப்பு அன்று. காலையில் தெளிவாகப் பேசியவர் பிற்பகலில் ஒரு வரியை மூன்று முறை படிக்க நேரும். இரண்டாவது, ஒரே நேரத்தில் பலவற்றை நினைவில் ஏந்திச் செயல்படும் திறனின் குறைவு. தொலைபேசியில் பேசிக்கொண்டே கணக்கைச் சரிபார்த்தவர் இப்போது ஒன்றை முடித்துத்தான் மற்றொன்றைத் தொட முடியும். மூன்றாவது, இரைச்சலையும் கூச்சலையும் தாங்க இயலாமை. இவற்றைச் சோம்பல் என்றோ மனச்சோர்வு என்றோ சுற்றத்தார் தவறாகக் கொள்வது உண்டு. மூளை வீக்கத்தைத் தணிக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் தன் பங்குக்கு உறக்கமின்மை, அடங்காத பசி, சர்க்கரை உயர்வு, எரிச்சல் ஆகியவற்றைச் சேர்க்கும். மருந்து குறையும்போது இவையும் குறையும் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று.

எல்லாவற்றினும் தொழிலைத் தீர்மானிப்பது வலிப்பு. மெனிஞ்சியோமா நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அறுவைக்கு முன் வலிப்பு வருகிறது. மெதுவாக வளரும் கிளையோமாக்களில் இது பாதிக்கும் மேல். அறுவைக்குப் பின் பலருக்கு நின்றுவிடும். சிலருக்கு நிற்காது. சிலருக்குப் புதிதாகத் தொடங்கும். உறக்கக் குறைவும் மாத்திரையைத் தவறவிடுதலும் வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்கள். இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியில், வலிப்போ திடீர் நினைவிழப்போ மயக்கமோ உண்டா என்ற வினாவுக்கு விண்ணப்பதாரர் விடையளிக்க வேண்டும். ஆகவே வாகனம் ஓட்டுவதே தொழிலாக உள்ளவர்களுக்கு ஒரே ஒரு வலிப்பு, முழுமையாக வெற்றி பெற்ற அறுவையின் பயனையும் அழித்துவிடக்கூடும்.

மொழி தொடர்பான மூளைப் பகுதிகளுக்கு அருகில் கட்டி இருந்தால் நோயாளியை விழிப்பு நிலையில் வைத்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்து, மின்தூண்டலால் இடங்களை வரையறுத்தபின் அறுவை செய்கின்றனர். இருமொழியாளருக்கு இரு மொழிகளின் இடங்களும் முழுமையாக ஒன்றுவதில்லை என்று ஓஜெமன், விட்டேக்கர் ஆகியோர் 1978இல் காட்டினர். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுபவர் இரண்டிலும் சோதிக்கப்பட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். ஒரு மொழி மட்டும் காக்கப்பட்டால் அவர் குடும்பத்துக்கோ தொழிலுக்கோ மட்டுமே திரும்புகிறார்.

வட சென்னைத் தொழிற்பகுதி

மேற்கூறியவை மேசைப் பணியாளரை மனத்திற்கொண்டே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என நீளும் தொழிற்பகுதியில் நிலை வேறு. சென்னைத் துறைமுகம், 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல் மின் நிலையங்கள், வாகன ஆலைகள் ஆகியவற்றில் வேலை என்பது உயரம், வெப்பம், சுழலும் இயந்திரம், இரவு ஷிப்டு ஆகியவற்றைச் சேர்த்தது. கிரேன் இயக்குபவர், கொதிகலன் பார்ப்பவர், கொள்கலன் லாரி ஓட்டுநர் ஆகியோருக்கு வலிப்பு என்பது தமக்கும் கீழே நிற்பவருக்கும் சேர்ந்த இடர். வாரந்தோறும் மாறும் ஷிப்டோ உறக்கத்தைக் குலைத்து அதே வலிப்பை வரவழைப்பது. எனவே இங்கு "பணிக்குத் திரும்பல்" என்பது நடைமுறையில் பகல் ஷிப்டுக்கும் தரைமட்டப் பணிக்கும் மாற்றித் தர நிறுவனம் இசைகிறதா என்பதாகச் சுருங்கிவிடுகிறது. நிரந்தரத் தொழிலாளருக்குச் சங்கத்தின் துணையுடன் இது கிடைக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

சிகிச்சைக் காலமே ஒரு சோதனை. மூளைக்கான கதிர்வீச்சு வழக்கமாக வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்கள் வரை, ஏறத்தாழ 30 அமர்வுகளாகத் தரப்படும். ஒவ்வோர் அமர்வும் சில நிமிடங்களே. போய்வரும் பயணம் அரை நாள். மணலியை அடுத்துள்ள சடையங்குப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இவ்வூர் கொசத்தலை ஆற்றின் தாழ்நிலப் பகுதியில் உள்ளது. பெருமழைக் காலங்களில் நீர் சூழ்ந்துகொள்ளும். இத்தகைய ஊரிலிருந்து சென்ட்ரல் எதிரிலுள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கோ, பழைய சிறைச்சாலைச் சாலையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, நகரின் மறுமுனையிலுள்ள அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ கொள்கலன் லாரிகளின் நெரிசலைக் கடந்து நாள்தோறும் செல்ல வேண்டும். உடன் வருபவரின் அன்றாடக் கூலியும் போகும். சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றாலும், இழந்த கூலி அதில் அடங்காது.

சட்டப் பாதுகாப்பு

இழந்த கூலிக்கு ஈடு தரும் ஏற்பாடு தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது ஈ.எஸ்.ஐ. ஆகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இத்திட்டம், 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. சாதாரண நோய்க்கால உதவி கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. இது மூளை அறுவைக்குப் போதாது. ஆனால் நீண்டகால நோய்களுக்கென 34 நோய்கள் கொண்ட தனிப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் புற்றுநோய்களுடன் "மண்டையோட்டின் உள்ளே இடத்தை அடைத்து வளரும் திரள்" என்பதும் தனியாக இடம்பெற்றுள்ளது. அதாவது புற்றுநோய் அல்லாத மெனிஞ்சியோமாவும் இதில் அடங்கும். இவ்வகையில் கூலியில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். காப்பீட்டுடன் கூடிய வேலையில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும், அக்காலத்தில் குறைந்தது 156 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். பட்டியலில் நோயின் பெயர் சுற்றிவளைத்து எழுதப்பட்டிருப்பதாலோ என்னவோ, தகுதியுள்ளோர் பலர் இதைக் கேட்பதே இல்லை. மருத்துவச் சான்றில் அந்தச் சொற்றொடரையே குறிப்பிடச் செய்வது பயன் தரும்.

நோய்க்கால உதவி பெறும் தொழிலாளரை அக்காலத்தில் பணிநீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுத்தது. நீண்ட காலம் கடந்தபின் முன்னறிவிப்புடன் நீக்க விதிகள் இடமளித்தன என்பதும் உண்மை.

அரசுப் பணியாளருக்குப் பாதுகாப்பு இதைவிட வலுவானது. பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்ட ஒருவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய பணிக்குத் தகுதியில்லையெனில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும், அத்தகைய பணியிடம் இல்லையெனில் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. காலில் காயமுற்றுப் பணியிழந்த காவலர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் இப்பிரிவைக் கட்டாயமானது என்று உறுதி செய்தது. அதன் இடத்துக்கு வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இது 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவாக உள்ளது. துறைமுகம், மின்வாரியம், பொதுத்துறை ஆலை ஆகியவற்றின் நேரடிப் பணியாளர் இதனைக் கோரலாம். மூளைக் கட்டி இச்சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களுள் தன் பெயரில் இடம்பெறவில்லை. கட்டி விட்டுச்சென்ற பார்வைக் குறைவு, கேள்திறன் குறைவு, கைகால் இயக்கக் குறைவு, பேச்சு மொழிக் குறைபாடு போன்றவற்றின் பேரில்தான் சான்றிதழ் பெற இயலும். களைப்பும் கவனக் குறைவும் மட்டுமே எஞ்சியவருக்கு அச்சான்று கிடைப்பது கடினம்.

தனியார் நிறுவனத்துக்கு 20(4)ஆம் உட்பிரிவு பொருந்தாது. அதே ஆலையின் அதே வாயிலில் நுழைந்தாலும், ஒப்பந்தக்காரரின் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு முதன்மை நிறுவனத்திடம் மாற்றுப்பணி கோரும் உரிமை இப்பிரிவில் சொல்லப்படவில்லை. அவருக்கு எஞ்சுவது, ஒப்பந்தக்காரர் ஒழுங்காகக் கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. சந்தாவின் பேரில் வரும் அந்த இரண்டு ஆண்டுகள் மட்டுமே.